ஆயிடுச்சு, பண்ணிட்டாங்க

2022 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நாள். எங்கள் குடும்பத்தில் அந்த நாட்டுக்குப் போய் வந்தவர்கூட யாரும் கிடையாது. இருந்தும் அன்றிரவு எங்கள் வாட்ஸப் குழுவில் தீப்பிடித்துக்கொண்டது.

பற்றவைத்தவர் சித்தப்பா. செய்தியின் இணைப்பைப் போட்டு, கீழே "சிசுக்கொலைக்குக் கொடுத்த லைசென்ஸ் காலாவதி" என்று ஒரு வரி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வெறும் செல் கூட்டத்துக்குக் காட்டும் கருணையை உயிரோடு இருக்கும் பெண்ணுக்கும் காட்டப் பழகுங்கள்" என்று தொடங்கி நாலு பத்தி எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. அனுப்பிய பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு திருப்தியும் இருந்தது. விடிவதற்குள் அறுபது எழுபது பதில்கள். ஒருவர் குழுவைவிட்டே போய்விட்டார். இரண்டு பேர் காலை வணக்கப் படங்களைப் போட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார்கள்.

பெரியம்மா மகள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எல்லாவற்றையும் படித்திருந்தாள். படித்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதே."

"சொல்லுக்கா."

"செல் கூட்டம்னு எழுதினியே, அது எத்தனை நாள் வரைக்கும்?"

நான் உற்சாகமாக வாரக் கணக்கைத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

"நான் கலைச்சிருக்கேன்டி. பெரியவனுக்கு அப்ப எட்டு மாசம். மறுபடியும் நாள் தள்ளிப்போச்சு. மாமாவும் நானும் ஒரு வாரம் உக்காந்து பேசினோம். பேசித்தான் செஞ்சோம். தப்பு பண்ணிட்டோம்னு எனக்கு இல்லை. திரும்ப அதே நிலைமை வந்தா அதையேதான் செய்வேன். ஆனா எனக்கு அது செல் கூட்டமா இருந்ததில்லை. பொண்ணா பையனான்னு தெரியாது, பேரு கிடையாது. வயசு மட்டும் வருஷா வருஷம் ஏறிட்டே இருக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை.

"சித்தப்பா என்னைக் கொலைகாரின்னாரு. நீ எனக்காகத்தான் சண்டை போட்டே, தெரியுது. ஆனா நீ எழுதினதுல நான் எங்கேயுமே இல்லைடி."

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். ஆள் தெரியாமல் மாற்றி எழுது என்றாள். மாற்றியிருக்கிறேன். ஆகவே இந்தப் பதிவில் அக்கா அந்த அக்கா இல்லை, சித்தப்பாவும் அந்தச் சித்தப்பா இல்லை. சொந்தக்காரர்கள் துப்பறியும் வேலையை இத்தோடு விட்டுவிடலாம்.

என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதைச் சுமக்க வேண்டியவள்தான் முடிவு செய்ய வேண்டும், சட்டம் இடையில் வந்து நிற்கக் கூடாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அக்காவின் போன் அதை மாற்றவில்லை. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு நான் பேசிய விதத்தைத்தான் அது பிடுங்கிப் போட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கின்றன. எதிர்பாராமல் உண்டாகும் கருக்களில் பத்துக்கு ஆறு இப்படித்தான் முடிகின்றன. நான் இந்த எண்களைப் பல விவாதங்களில் ஆயுதமாக வீசியிருக்கிறேன். ஆனால் அவற்றிலிருந்து எழும் மிகச் சாதாரணமான கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை: முப்பது பேர் இருக்கும் ஒரு குடும்பக் குழுவில், ஓர் அலுவலகத்தில், ஒரு கல்யாண வீட்டில், அந்த வழியாகப் போய் வந்தவள் ஒருத்தியாவது இருப்பாள். அவளை நேரே உட்கார வைத்துக்கொண்டுதான் நாம் "அவர்களை"ப் பற்றிப் பேசுகிறோம்.

*

நோயாளிகளுக்கான படிவங்களையும் ஒப்புதல் தாள்களையும் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒரு சொல்லுக்காக அரை நாள் உட்கார்ந்திருக்கும் வேலை. இந்த விஷயத்தில் தமிழ் செய்யும் ஒரு காரியம் அந்த போனுக்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. "அவளுக்கு அபார்ஷன் ஆயிடுச்சு" என்போம். "அவ அபார்ஷன் பண்ணிட்டா" என்போம். சொல் ஒன்றுதான், வினைதான் வேறு. 'ஆயிடுச்சு' என்றால் அய்யோ பாவம், ஓய்வெடுக்கச் சொல், போய்ப் பார்த்துவிட்டு வருவோம். 'பண்ணிட்டா' என்றால் குரல் தாழும், கதவு சாத்தப்படும். கலைந்தது, கலைத்தாள். பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்தது இங்கே வந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

மருத்துவத்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. தானாகத் துடிப்பு நின்றும் வெளியேறாத கருவுக்கும், வேண்டாம் என்று முடிவெடுத்த கருவுக்கும் தரப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் அதே மைஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால்தான். உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் அதேதான். மகப்பேறு மருத்துவர் எழுதும் கேஸ் ஷீட்டின் தலைப்பில் ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்துகள் வரும். ஜி என்பது எத்தனை முறை கருத்தரித்தாள், பி என்பது எத்தனை பிரசவம், எல் என்பது உயிரோடிருக்கும் பிள்ளைகள், ஏ என்பது அபார்ஷன். ஜி3 பி2 எல்2 ஏ1. அக்காவின் பழைய சீட்டில் இருப்பது இதுதான். அந்த ஒன்று ஆனதா பண்ணியதா என்று ஏ-வைப் பார்த்தால் தெரியாது. மனிதர்களைவிட அந்த எழுத்து நாகரிகமானது என்று சில நேரம் தோன்றும்.

ஆனால் அதே எழுத்து இன்னொருத்தியை வதைத்ததையும் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை செய்த பெண். ஒன்பதாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது துடிப்பு நின்றிருந்தது. ஆசை ஆசையாகக் காத்திருந்த கரு. டிஸ்சார்ஜ் சீட்டில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கருவின் துடிப்பு நின்றும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் அதற்கு மருத்துவப் பெயர் அதுதான், எழுதியவர்மேல் பிழை சொல்ல முடியாது. வீட்டில் மாமியார் அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்றார். இழந்தவள் தான் இழந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுத்துக் காட்டினாளாம். "அந்த நிமிஷம், நிஜமாவே கலைச்சவங்களை நினைச்சுக்கிட்டேன். எனக்காவது காட்ட ஒரு பேப்பர் இருந்துச்சு" என்று பிறகு ஒருநாள் சொன்னாள். அதற்கு முன்வரை அவள் சித்தப்பா கட்சி.

பிறகு, உள்ளே இருப்பதற்கு என்ன பெயர்? கரு என்றால் ஒரு கட்சி, சிசு என்றால் மறு கட்சி. குழந்தை என்று எழுதினால் கதை முடிந்தது. ஒரு படிவத்தில் 'முதிர்கரு' என்று போட்டேன். திருத்தியவர் 'சிசு' ஆக்கினார். நான் மறுபடி மாற்றினேன். நான்கு முறை போய் வந்தது. இருவருமே மொழியைப் பற்றித்தான் பேசுவதாக நடித்துக்கொண்டிருந்தோம். இதில் எனக்கே ஒரு குட்டு உண்டு. பெண் என்று தெரிந்து கலைத்தால் அதை நான் எப்படி எழுதுவேன்? யோசிக்காமல் 'பெண் கருக்கொலை' என்றுதான் எழுதுவேன். மற்ற இடத்தில் கலைப்பு, இங்கே மட்டும் கொலை. கரு அதேதான், வாரமும் அதேதான். இதைச் சித்தப்பா என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் எனக்கு வெகுநாளாக இருந்தது.

*

சொல்லுக்காக இப்படி மல்லுக்கட்டிய ஆறு பெண்களைப் பற்றி நான் படித்தது தற்செயலாகத்தான். படித்ததிலிருந்து அவர்கள் என்னை விடவில்லை.

1994 டிசம்பர் 30. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைனில் ஒருவன் துப்பாக்கியோடு ஒரு கருக்கலைப்பு மருத்துவமனைக்குள் நுழைந்தான். அங்கே சுட்டுவிட்டு, அதே சாலையில் இருந்த இன்னொன்றுக்கும் போனான். இரண்டு இடத்திலும் வரவேற்பு மேசையில் இருந்த பெண்கள் செத்தார்கள். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 38. மேலும் ஐந்து பேருக்குக் காயம். மாநில ஆளுநரும் கத்தோலிக்கக் கர்தினாலும் இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார்கள். இப்படிச் சொல்வது வழக்கம்தான், யாரும் உட்கார மாட்டார்கள். இங்கே உட்கார்ந்தார்கள்.

உரிமை தரப்பில் மூன்று பேர்: ஆன் ஃபௌலர் என்ற பாதிரியார், மருத்துவமனைகளை நடத்திய அமைப்பின் மாநிலத் தலைவர் நிக்கி கேம்பிள், உரிமைப் பிரசார அமைப்பு ஒன்றின் இயக்குநர் மெலிசா கோகட். எதிர்ப்புத் தரப்பில் மூன்று பேர்: வழக்கறிஞர் ஃபிரான்சஸ் ஹோகன், வேதியியலாளர் மேடலின் மெக்கோமிஷ், மறைமாவட்டத்தில் கரு உயிர் காக்கும் பணியை நடத்திய பார்பரா தார்ப். ஒருவர் பாதிரியார் என்றதும் எந்தத் தரப்பு என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பியிருந்தால், எனக்கும் அப்படித்தான் தப்பியது. லாரா சேசின், சூசன் பொட்சிபா என்ற இருவர் பேச்சை நடத்திக் கொடுத்தார்கள். 1995 செப்டம்பரில் முதல் சந்திப்பு. வெளியே ஓர் ஆளுக்கும் தெரியாது. தெரிந்தால் சொந்தக் கட்சிக்காரர்களே துரோகி என்பார்கள். நான்கு முறை சந்திப்பதாக ஏற்பாடு. சந்தித்ததோ ஐந்தரை ஆண்டுகள், 150 மணி நேரத்துக்கும் மேல்.

முதலில் செய்த வேலைகளில் ஒன்று, எந்தச் சொல்லைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது என்று பட்டியல் போட்டது. ஒரு தரப்புக்கு 'கொலைகாரர்கள்', யூத இனப்படுகொலையோடு ஒப்பிடுவது. மறு தரப்புக்குக் கருவைக் 'கருத்தரிப்பின் விளைபொருள்' என்பது, தங்களை ஆண்கள் ஆட்டிவைக்கும் மதவெறிப் பெண்கள் என்பது. உள்ளே இருப்பதற்குப் பெயர் வைப்பதில் முட்டிக்கொண்டார்கள். 'பிறவாக் குழந்தை' என்று சொல்ல இவர்களால் முடியாது, வெறும் 'கரு' என்று சொல்ல அவர்களால் முடியாது. கடைசியில் வந்து நின்ற இடம் 'மனிதக் கரு'. இரு தரப்புக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. என் நான்கு முறை போய் வந்த படிவத்தை நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு அந்தச் சொல் தோன்றவே இல்லை. தோன்றவேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் எதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டதே இல்லை.

அந்தக் காலத்தில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு மதபோதகர் பாஸ்டனுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. சுட்டவனை நியாயப்படுத்திப் பேசியவர் அவர். கருக்கலைப்பை எதிர்த்த மெக்கோமிஷ்தான் அவருக்குக் கடிதம் எழுதினார்: வன்முறை பற்றிய உங்கள் பேச்சு எங்கள் இயக்கத்துக்கே விரோதமானது, நீங்கள் இங்கே வர வேண்டாம். அவர் வரவில்லை. அந்த ரகசிய அறையில் யாரும் யாரையும் மாற்றவில்லை. ஆனால் வெளியே உயிருக்கு ஆபத்து வரும்போது ஒருவரை ஒருவர் எச்சரிக்கும் அளவுக்குப் போயிருந்தார்கள்.

2001 ஜனவரியில் ஆறு பேரும் சேர்ந்து பாஸ்டன் குளோப் நாளிதழில் எல்லாவற்றையும் எழுதினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல், ஐந்தரை ஆண்டு முடிவில் யாரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, தங்கள் நிலையில் முன்னைவிட உறுதியாகவே ஆகியிருந்தார்கள் என்பது. முதல் தடவை படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. இத்தனை ஆண்டு பேசி என்ன கிழித்தார்கள்? இப்போது அதுதான் கதையின் உயிர் என்று நினைக்கிறேன். பேசிக் கரைத்துவிடலாம் என்று போயிருந்தால் நாலாவது சந்திப்போடு எழுந்து போயிருப்பார்கள்.

*

இந்த இடத்தில் ஒரு தோழி கேட்ட கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. "உன் உடம்பைப் பற்றி ஒருத்தன் முடிவெடுக்கிறான். அவனோட நீ பக்குவமாப் பேசணும். இது யாருக்கு வசதி?" நியாயமான கோபம். மென்மையாகப் பேசு என்ற புத்திமதி எப்போதும் வலிப்பவரிடம்தான் சொல்லப்படுகிறது. காலில் நிற்பவரை யாரும் மெதுவாகப் பேசச் சொல்வதில்லை, மிதிபட்டவரிடம்தான் சத்தம் போடாதே என்பார்கள்.

சவிதா ஹலப்பனவரை நினைத்தால் எனக்கும் குரல் உயரும். அயர்லாந்தில் வாழ்ந்த இந்தியப் பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கியது, பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடச் சொல்லிக் கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் மறுத்தார்கள். கிருமி ரத்தத்தில் ஏறி 28-ஆம் தேதி இறந்தார். தாயின் உயிரும் கருவின் உயிரும் சமம் என்று 1983-இல் அந்த நாட்டின் அரசியலமைப்பில் எட்டாவது திருத்தம் எழுதப்பட்டிருந்தது. அந்தத் திருத்தத்துக்கு வாக்களித்தவர்கள் 66.9 சதவீதம்.

ஆனால் பாருங்கள், பக்குவமான பேச்சுக்கு ஆகப் பெரிய சாட்சியும் அதே நாடுதான். 2016-இல் அங்கே ஒரு குடிமக்கள் பேரவை அமைத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய் தலைவர். உறுப்பினர்கள் 99 பேர், தேர்தலில் நின்று வந்தவர்கள் அல்லர், வாக்காளர்களிடையே குலுக்கல் முறையில் பொறுக்கப்பட்டவர்கள். ஐந்து வார இறுதிகள் இந்த ஒரே விஷயத்துக்காக உட்கார்ந்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரு தரப்பு இயக்கங்கள், பிறகு அந்த வழியாகப் போய் வந்த பெண்களின் குரல்பதிவுகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் மட்டும் பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். முடிவில் பேரவையின் பெரும்பான்மை, அரசியல்வாதிகள் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் போய்ப் பரிந்துரை செய்தது. 2018 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பு. எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னவர்கள் 66.4 சதவீதம். முப்பத்தைந்து ஆண்டில் ஏறக்குறைய அதே எண், எதிர்த்திசையில். இதைப் பேரவை ஒன்றே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். சவிதாவின் புகைப்படத்தை ஏந்தித் தெருவில் நின்ற கோபம் இல்லாமல் அந்தப் பேரவையே வந்திருக்காது. கோபம் கதவைத் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வேறு குரல் தேவைப்பட்டது. அந்த மூன்றில் ஒரு பங்கு 'வேண்டாம்' இன்றும் அங்கே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜெர்மனி இன்னொரு வினோதம். அங்கே 1995 முதல் உள்ள சட்டப்படி, ஆலோசனை பெற்று, மூன்று நாள் கழித்து, முதல் 12 வாரத்துக்குள் கலைத்தால் அது சட்டவிரோதம், ஆனால் தண்டனை கிடையாது. சட்ட வாக்கியத்திலேயே இரண்டு கட்சியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் அதனால் முதுகுவலி. எனக்கும் பிடிக்கவில்லை. செய்யலாம், ஆனால் தப்பு என்பது அக்காவின் காதில் எப்படி விழும் என்று யோசிக்கிறேன்.

*

நாம் நினைப்பதுபோல உலகம் இரண்டாகப் பிளந்தும் கிடக்கவில்லை. கேலப் நிறுவனம் 1975 முதல் அமெரிக்கர்களிடம் மூன்று விடைகளை நீட்டிக் கேட்டுவருகிறது: எந்தச் சூழலிலும் அனுமதிக்கலாம், சில சூழல்களில் மட்டும், எப்போதும் கூடாது. இத்தனை ஆண்டுகளில் நடு விடையைச் சொன்னவர்கள்தான் அதிகம், ஏறக்குறைய பாதிப் பேர். 2019-இல் சமூகவியலாளர் ட்ரிஷியா புரூஸின் குழு 217 பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து விரிவாகக் கேட்டது. பெரும்பாலோர் இதைப் பற்றி யாரிடமும் ஆழமாகப் பேசியதே இல்லை. இரண்டு கட்சிப் பெயர்களில் எதுவும் அவர்கள் சொன்னதற்குச் சரியாகப் பொருந்தவும் இல்லை. மேடையில் கத்துகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, வாழ்நாளில் ஒரு தடவைகூட இதைப் பற்றி வாயைத் திறக்காதவர்கள்தான் ஊர் முழுக்க.

லாரா சேசின் குழு இப்படிப்பட்ட சந்திப்புகளில் கேட்ட மூன்று கேள்விகள் உண்டு. இந்தக் கருத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்ததில் உங்கள் வாழ்க்கையில் நடந்தது என்ன? இதில் உங்களுக்கு உயிர்நாடியான விஷயம் எது? உங்கள் கருத்துக்குள்ளேயே உங்களுக்குத் தெளிவில்லாத இடம், முரண்படும் இடம் எது? முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். மூன்றாவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்பவர் தன் பதிலையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் அது விசாரணை.

நான் சித்தப்பாவிடம் போனது கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து. நேரில். வாட்ஸப்பில் இதைச் செய்ய முடியாது, பொம்மைகள் நடுவே வந்துவிடும். மன்னிப்பு மாதிரி ஏதோ முனகிவிட்டு, "எப்போதிலிருந்து இப்படி நினைக்கிறீங்க சித்தப்பா?" என்றேன். சண்டைக்கு ஆயத்தமாக நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து வயசுல இருந்து."

பாட்டிக்கு அவர் ஆறாவது. வேண்டாம் என்று ஏதோ மருந்து குடித்திருக்கிறாள். கலையவில்லை. பத்து வயதில் ஏதோ சேட்டை செய்தபோது ஓர் அத்தை கோபத்தில் சொல்லிவிட்டாள்: "அன்னைக்கு மருந்துக்கே அசையாதவன், இன்னைக்குச் சொல் பேச்சு கேக்கப் போறியா?" எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம்.

"நீ செல் கூட்டம்னு எழுதினே. நான் அதைப் படிக்கிறப்போ அது நான்தான்மா."

எனக்கு அவருடைய வாதத்துக்கு எதிராகப் பதினெட்டு பதில் தெரியும். தத்துவத்தில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒன்றையும் எடுக்கவில்லை. உயிர்நாடி எது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்றாவதற்குப் போனேன். உங்களுக்கே தெளிவில்லாத இடம் ஏதாவது இருக்கா?

வெகுநேரம் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மாவை அந்த வார்த்தை சொல்ல முடியுமா?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. "அஞ்சு புள்ளை. வீட்டுல வேற யாரும் சம்பாதிக்கல. அவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். அந்த மருந்து வேலை செஞ்சிருந்தா அவ கொலைகாரியா? நான் அப்படி யோசிச்சதே இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "யோசிக்கணும்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சட்டம் தடுக்க வேண்டும் என்பதில் இன்றுவரை மாற்றமில்லை.

பிறகு என் முறை. பெண் கருவின் கதையைச் சொன்னேன். முடிவு பெண்ணுடையது என்கிற நான், அவள் பெண் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தால் மட்டும் ஏன் 'கொலை' என்று எழுதுகிறேன்? அந்த முடிவில் அவள் எவ்வளவு, சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே சிக்கிக்கொண்டேன். இதைச் சொன்னதும் அவர் பாய்ந்து பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினார். "கஷ்டம்தான்" என்றார்.

கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்டார்.

"அன்னைக்கு குரூப்புல எல்லாரும் கத்தினோமே. உங்க அக்கா மட்டும் ஒரு வார்த்தை எழுதல. கவனிச்சியா?"

"இல்லையே சித்தப்பா" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கவனிச்சேன்" என்றார்.